கூரையை அடைக்கும் முன் கூட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரை விடுமுறைக்குப் பாடசாலைகளிலும் வைகாசிச் சடங்குக்குக் கோயில்களிலும் திருத்த வேலை நடக்கிற காலம் இது. மேசன்மார் ஏணி வைத்து ஏறி, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிகளை அடைக்கிறார்கள். முகட்டுக்குக் கம்பிவலை அடிக்கிறார்கள். புறா எச்சம் விழுந்து இடம் நாறக்கூடாது என்றுதான் செய்கிறார்கள், அதில் நான் பிழை சொல்ல வரவில்லை. ஆனால் அடைப்பதற்கு முன்னர் உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கல்லடியில் ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. காலில் நூல் சிக்கிய புறாவொன்றை இருத்தி வைத்து நூலைப் பிரித்துவிட்டேன் என்ற கதை எப்படியோ பரவி, இப்போது பிளவுஸ் தைக்க வருகிறவர்களோடு புறா கொண்டு வருகிறவர்களும் வருகிறார்கள். அதிகம் வருவது பள்ளிக்கூடப் பிள்ளைகள். சப்பாத்துப் பெட்டிக்குள் மஞ்சள் மயிரோடு, கண் திறந்தும் திறக்காமலும் இரண்டு குஞ்சு இருக்கும். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: “பெயின்ற் அடிக்கிற அண்ணாமார் கீழ தள்ளிவிட்ட.”

எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்கள் பல, ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்து வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத மண்டபத்து முகடு புறாவுக்கு மாளிகை. கதவு திறந்து தூசு தட்டும்போது கூடு விளக்குமாற்றில் அள்ளுப்பட்டுப் போகிறது. அதுகூடப் பரவாயில்லை, விழுந்த குஞ்சை யாராவது காண்பார்கள். கூட்டை உள்ளே விட்டுவிட்டு வழியை அடைத்துவிட்டால்தான் கொடுமை. தாயும் தகப்பனும் வெளியே வலையில் முட்டி முட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். உள்ளே குஞ்சுகள் பட்டினியில் செத்துப்போகும். பாவ புண்ணியம் பார்க்காதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். செத்த குஞ்சு முகட்டில் அழுகினால் புழுவும் ஈயும் வரும். சடங்கின் முடிவில் வருகிற குளிர்த்தி நேரம் மண்டபத்தில் அந்த நாற்றம் வேண்டுமா?

பொறுத்திருக்க வேண்டிய காலமும் அப்படியொன்றும் நீண்டதல்ல. புறா வழமையாக இரண்டு முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து ஏறத்தாழ 18 நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சு பறக்க நான்கைந்து கிழமை. முட்டை இட்ட நாளிலிருந்து பார்த்தாலும் சுமார் ஏழு கிழமைதான். குஞ்சுக்கு ஏற்கெனவே இறகு வந்துவிட்டதென்றால் இரண்டு கிழமை பொறுத்தாலே பெரும்பாலும் போதும். ஒரு சிக்கல் உண்டு: முதற்குஞ்சுகள் கூட்டை விட்டுப் போகுமுன்னரே தாய் அடுத்த முட்டைகளை இட்டுவிடக்கூடும். அப்படிப் புதிதாய் இட்ட முட்டையைக் கண்டால் அன்றைக்கே எடுத்துவிடலாம், அதற்குள் இன்னும் குஞ்சு உருவாகியிருக்காது. ஜேர்மனியில் இருக்கிற என் தங்கை மகள் சொன்னாள், அங்கே ஆக்ஸ்பேர்க் என்ற நகரத்தில் புறாக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்து, இடுகிற முட்டைகளை எடுத்துவிட்டுப் போலி முட்டைகளை வைக்கிறார்களாம். புறாவும் நம்பி அடைகாத்துக்கொண்டிருக்கும், கூட்டமும் பெருகாது. நாங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மற்ற ஓட்டைகளை எல்லாம் இப்போதே அடையுங்கள். குஞ்சு இருக்கிற ஒன்றை மட்டும் விட்டுவைத்து, குஞ்சு பறந்ததும் அதையும் அடையுங்கள்.

சரி, கூடு விழுந்துவிட்டது, குஞ்சு கையில் இருக்கிறது. முதலில் செய்ய வேண்டியது அதைத் திரும்ப மேலே வைப்பது. மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்று பெரியவர்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அது உண்மையல்ல. கூடு சிதைந்திருந்தால் ஒரு சின்னப் பெட்டியில் சுள்ளியைப் போட்டு, பழைய இடத்திலேயோ அதற்குக் கிட்டவோ வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கலாம். தாயோ தகப்பனோ வந்து இரை ஊட்டினால் உங்கள் வேலை முடிந்தது. ஊட்டாவிட்டால்தான் வளர்க்கிற பேச்சு.

பிள்ளைகள் கொண்டு வருகிற குஞ்சுகளில் அரைவாசி, நல்ல மனத்தோடு செய்த உபசாரத்தால் சாகிறவை. “பால் பருக்கின மாமி, மூக்கால வருது” என்று ஒரு பொடியன் வந்து நின்றான். மாட்டுப்பாலும் வேண்டாம், பாணும் வேண்டாம் மனே என்று எத்தனை பேருக்குச் சொல்வது! புறாவுக்கு அதன் நாக்கின் அடியிலேயே மூச்சுத் துவாரம் இருக்கிறது. வாயைத் திறந்து சொட்டுச் சொட்டாய் எதை விட்டாலும் அது நுரையீரலுக்குப் போய்விடலாம். மற்றக் குருவிக் குஞ்சுகள் போல புறாக்குஞ்சு வாயைப் பிளந்து கேட்காது. அது தாயின் வாய்க்குள் தன் சொண்டை நுழைத்துத்தான் தின்னும். முதல் சில நாள் அப்படித் தின்பது தானியம்கூட அல்ல. தாய், தகப்பன் இரண்டினதும் தீனிப்பையில் ஊறுகிற, தயிர்க்கட்டி மாதிரியான ஒரு பால். புரதமும் கொழுப்பும் நிறைந்தது. தகப்பனும் பால் கொடுக்கும் என்றால் கடைக்கு வருகிற பெண்கள் சிரிக்கிறார்கள்.

ஆகவே நான் செய்வது இப்படி. முதலில் சூடு. குளிர்ந்துபோன குஞ்சுக்கு எதைக் கொடுத்தாலும் செரிக்காது. சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துவாயில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்துவிடுவேன், சூடு கூடினால் அது மற்றப் பக்கத்துக்கு நகர இடம் இருக்க வேண்டும். பெட்டியின் அடியில் வழுவழுப்பான கடதாசி போடக்கூடாது. கால் இரண்டும் விரிந்து அப்படியே கோணிவிடும். பழைய துவாய் நல்லது. உடம்பு சூடேறிய பிறகுதான் தீன். பெரிய சிறிஞ்சின் முனையை வெட்டிவிட்டு அந்த வாயில் றப்பர் கையுறைத் துண்டை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு சின்னக் கீறல். உள்ளே, கோழிக்குஞ்சுத் தீனை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்த கஞ்சி. குஞ்சின் சொண்டை அந்தக் கீறலில் மெல்லத் தொட்டால் போதும், தானே நுழைத்து, தலையை ஆட்டி ஆட்டித் தின்னும். நாங்கள் அழுத்தித் தள்ளக்கூடாது. கழுத்துக்குக் கீழே தீனிப்பை மெதுவாக உப்பியதும் நிறுத்திவிட வேண்டும். அது வற்றும் வரை அடுத்த தீன் இல்லை. வற்றாமல் அப்படியே கிடந்தால் வருத்தம் என்று அர்த்தம்.

இறகு முளைத்த குஞ்சு வேலை குறைவு. இரவு ஊறவைத்த பயற்றை ஒவ்வொன்றாக வாய்க்குள் பின்பக்கமாக வைத்தால் விழுங்கும். பிறகு ஒரு தட்டில் பயறு, குரக்கன், உடைத்த சோளம் போட்டு, விரலால் கொத்திக் காட்டினால் தானே பழகும். தண்ணீர்ப் பாத்திரம் கொஞ்சம் ஆழமாய் இருக்கட்டும். புறா கோழி மாதிரித் தலையை நிமிர்த்தித் தண்ணீர் குடிக்காது, சொண்டை அமிழ்த்தி உறிஞ்சும்.

வருத்தக்காரப் புறாக்கள் வேறு கதை. வாய்க்குள் மஞ்சளாய்ப் பாலாடைக்கட்டி போல் படிந்திருந்தால் அது ஒட்டுண்ணியால் வருவது; தொண்டை அடைபட்டுப் பட்டினியில் சாகும். மருந்து உண்டு, மலிவானதும்கூட. ஆனால் எவ்வளவு என்பதை மிருக வைத்தியர்தான் சொல்ல வேண்டும், பாமசியில் வாங்கி நீங்களே ஊட்டப் போகாதீர்கள். கண்ணைச் சுற்றியும் காலிலும் பொருக்குப் பொருக்காய் இருந்தால் அம்மை. நுளம்பு பரப்புவது. பொருக்கைப் பிய்க்காமல் தீனும் தண்ணீரும் கொடுத்து நுளம்பு வலைக்குள் வைத்திருந்தால் பல புறாக்கள் சில கிழமையில் தேறிவிடும். கழுத்துத் திருகித் தலைகீழாய்ப் பார்க்கிற புறாவைக் கண்டால் நஞ்சு தின்றது என்று சனம் தூக்கி வீசிவிடுகிறது. பெரும்பாலும் அது ஒரு வைரஸ் நோய். கொத்துகிற இடம் தவறிப்போவதால் சிதறிப்போட்ட தானியத்தை அதனால் பொறுக்க முடியாது. ஆழமான பாத்திரத்தில் தானியத்தை நிரப்பி வைத்தால் சமாளித்துக்கொள்ளும். அந்த நோய் கோழிக்கும் தொற்றக்கூடியது, வளவில் கோழி வைத்திருப்பவர்கள் தள்ளி வையுங்கள். பூனை கவ்விய புறாவுக்குக் காயம் ஊசி முனை அளவே இருந்தாலும் அன்றைக்கே மருந்து வேண்டும். பூனைப் பல்லில் இருக்கிற கிருமி விட்டுவைக்காது.

இந்த இடத்தில் ஒரு குறை. தொண்டையில் மஞ்சள் படிந்த புறா ஒன்றை ஓர் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பதிகிற இடத்தில் “உரிமையாளர் பெயர்?” என்றார்கள். ஊர்ப் புறா, உரிமையாளர் இல்லை என்றேன். “அப்ப பதிய ஏலாதே அக்கா.” பக்கத்தில் ஆட்டுக்கு ஊசி போட வந்து நின்றவர், பேசாமல் கறி வையுங்கள் என்று எனக்கு வழி சொன்னார். கடைசியில் என் பெயரையே எழுதச் சொன்னேன். உள்ளே போனால் டொக்டர் தங்கமான மனிதர், ரோச் லைற் அடித்துத் தொண்டையைப் பார்த்து மருந்து எழுதித் தந்தார். அந்தப் பத்திரத்தில் ‘உரிமையாளர்’ என்பதற்குக் கீழே ‘கொண்டுவந்தவர்’ என்று இன்னொரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

இனி என் தொழிலோடு சேர்ந்த விசயம். முன்னர் பருத்தி நூல், மழையில் கிடந்து உக்கிப்போகும். இப்போது நாங்கள் தைப்பது பொலியெஸ்டர் நூலில். அது உக்காது, அறாது. கூட்டிக் குவித்து வீதியில் போட்டால் இரை பொறுக்குகிற புறாவின் விரல்களில் சுற்றிக்கொள்ளும். தலைமயிரும் அப்படித்தான். பாரிஸ் நகரத்துப் புறாக்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வொன்று, முடிவெட்டும் கடைகள் கூடிய பகுதிகளில் விரல் இழந்த புறாக்கள் அதிகம் என்று சொன்னது. எங்கள் ஊரில் வாவிக்கரையில் மீன் பிடிக்கிறவர்கள் வீசிவிட்டுப் போகிற தங்கூசி நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புறாவின் தலையைத் துவாயால் மூடினால் அடங்கிவிடும். காலை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் ஒட்டிப்போன எச்சமும் அழுக்கும் இளகி, வீங்கிய சதைக்கு நடுவில் ஒரு கோடு தெரியும். அதுதான் நூல். இழுத்தால் தோலையும் அறுத்துக்கொண்டு வரும். தையல் பிரிக்கிற சின்னக் கத்தியின் மழுங்கிய முனையை நூலுக்குக் கீழே கொடுத்து, வெட்டு வாய் மேலே பார்க்க, ஒவ்வொரு சுற்றாக அறுத்து, ஒவ்வொரு துண்டாக எடுக்க வேண்டும். ஒரு விரலில் பல சுற்று இருக்கும், நிறமும் வேறு வேறாய் இருக்கும். வெள்ளை நூல் முடிந்தது என்று பார்த்தால் உள்ளே பாடசாலைச் சீருடை நீலம். ஏற்கெனவே கறுத்துக் காய்ந்த விரலை ஒன்றும் செய்ய வேண்டாம், அது தானே விழுந்துவிடும். என் கடைக் கழிவு நூலை இப்போது போத்தலில் அடைத்து மூடித்தான் குப்பைக்குப் போடுகிறேன். சலூன்காரத் தம்பிமாரும் செய்யலாம்.

புறா எச்சத்தால் நோய் வரும் என்ற பயம் பொய்யல்ல. காய்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசிப்பது நல்லதில்லை, இழுப்பு உள்ளவர்களுக்கு இன்னும் கெடுதி. கூட்டுமுன் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள், மூக்கையும் வாயையும் மூடுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொரு வேடிக்கை. நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாத்தீவை 2003இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், நாங்களும் ரிக்கற் எடுத்துப் போய்ப் பார்க்கிறோம். அந்தத் தீவுக்குப் பெயர் கொடுத்த மாடப்புறாவும் எங்கள் முகட்டுப் புறாவும் ஒரே இனம். இவை அந்த இனத்தில் மனிதர் பிடித்து வளர்த்துக் கைவிட்டவற்றின் வழி வந்தவை. அங்கே காவல், இங்கே விளக்குமாறு.

ஏணியில் ஏறுகிற தம்பிமாரை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு நாட்சம்பளம், சொன்னதைச் செய்கிறார்கள். சொல்ல வேண்டியவர்கள் காசு கொடுக்கிறவர்கள்: கோயில் நிருவாகசபைகள், பள்ளிவாசல் நிருவாகங்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள். ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கிற வேலைப் பட்டியலில் ‘அடைக்கும் முன் கூடு பார்க்கவும்’ என்று ஒரு வரி எழுதுங்கள், கூடு இருந்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

என் கடைக்குக் கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்று: பெட்டியில் காற்றுத் துளை போட்டுக் கொண்டு வாருங்கள், பொலித்தீன் பையில் வேண்டாம். எந்தக் கட்டடத்தில், எந்தப் பக்கத்து முகட்டில் எடுத்தது என்பதையும் கேட்டு வாருங்கள். வளர்ந்த பிறகு அந்தக் கூட்டத்தோடுதான் அதைச் சேர்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
கல்லடி, மட்டக்களப்பு.