மொட்டைப் பனைக்கும் ஒரு அனுமதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடி 2024-ல் மாநகராட்சியாகி, கோட்டையூரும் கண்டனூரும் அதற்குள் வந்துவிட்டன. ஊரைச் சுற்றியுள்ள புஞ்சைகளும் பொட்டல்களும் மனைகளாகி வருகின்றன. நிலத்தைச் சமப்படுத்த வரும் பொக்லைன் முதலில் சாய்ப்பது, குருத்து பட்டு ஓலையில்லாமல் நிற்கும் மொட்டைப் பனையைத்தான். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்த பிறகு, பச்சைப் பனையில் கைவைக்கக் கொஞ்சம் தயங்குகிறார்கள். தலை போன மரத்துக்காகப் பரிந்து பேச ஆளில்லை. அது நேரே செங்கல் சூளைக்குப் போய்விடுகிறது.

பனங்காடை என்ற நீலச் சிறகுப் பறவைக்கு வேண்டியது அந்த மரம்தான். பனைக்கு ஒரே குருத்து. இடி விழுந்தோ, காண்டாமிருக வண்டோ சிவப்புக் கூன்வண்டோ குடைந்தோ அது அழுகினால் மரம் பக்கத்தில் கிளைக்காது. வெளிப்புறம் வைரம் பாய்ந்து நிற்க, உள்ளே இருக்கும் மென்மையான பகுதி உச்சியிலிருந்து மட்கிக் குழாய் போலாகிவிடும். பனங்காடை மரங்கொத்தியைப் போல மரத்தைக் குடையத் தெரியாத பறவை. இந்தக் குழியையோ மரங்கொத்தி விட்டுப்போன பொந்தையோ நம்பித்தான் மார்ச் முதல் ஜூன் வரை 3 முதல் 5 முட்டை இடுகிறது. அடைகாக்க 17 முதல் 19 நாள், குஞ்சு பறக்க மேலும் ஐந்து வாரம். ஒரு கூட்டுக்குக் குறைந்தது இரண்டு மாத நிம்மதி வேண்டும். நில வேலை மும்முரமாக நடப்பதும் இதே கோடையில்தான்.

“மின்கம்பியில் தினமும் உட்கார்ந்திருக்கிறதே, எங்கே குறைந்துபோயிற்று?” என்று கேட்பவர்கள் உண்டு. கம்பி அதற்கு வேட்டை மேடை, வீடல்ல. புதிதாகச் சுரண்டிப் போட்ட மனைப்பிரிவில் தரை வெறுமையாக இருப்பதால் வெட்டுக்கிளி, வண்டு, ஓணான் எல்லாம் மேலிருந்தே கண்ணுக்குத் தெரியும். அதனால் ஓரிரு வருடம் பறவை நன்றாகவே தென்படும். விற்காத மனைகளில் சீமைக்கருவேலம் மண்டிவிட்டால் தரை மறைந்துவிடும். விற்ற மனைகளில் அஸ்திவாரத்துக்குக் கறையான் மருந்து அடித்து, வாசல்வரை சிமெண்டு போட்டால் பூச்சி இருக்காது. வளர்ந்த பறவை அதற்குப் பிறகும் சில வருடம் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும். பொந்து இல்லாததால் குஞ்சு மட்டும் வராது. குறைவு நம் கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும். 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததால், உயிரினங்களின் அழிவு அபாயத்தைக் காட்டும் உலக சிவப்புப் பட்டியலில் மறுமதிப்பீடு செய்ய வேண்டியவை என்று 14 இனங்களைச் சொன்னது. அதில் பனங்காடையும் ஒன்று. கர்நாடகம், தெலங்கானா, ஒடிசா மூன்றுக்கும் இதுதான் மாநிலப் பறவை. நமக்கோ பனைதான் மாநில மரம்!

ஒரு மரத்தை வெட்டினால் பத்துப் பனங்கொட்டை ஊன்றுகிறோம் என்பது நல்ல காரியம்தான், ஆனால் இதற்கு ஈடாகாது. பனை காய்க்கவே பன்னிரண்டு, பதினைந்து வருடத்துக்கு மேலாகும். அது முதிர்ந்து, பட்டு, உள்ளே குழியாக இன்னும் பல பத்தாண்டுகள். ஐரோப்பாவில் பனங்காடையின் உறவுப் பறவைக்கு மரப்பெட்டி கட்டிவைத்துப் பலன் கண்டிருக்கிறார்கள். இங்கே பெட்டி கட்டினால் மைனாவும் கிளியும் முந்திக்கொள்ளும். இருந்தாலும் தரையிலிருந்து பதினைந்து அடிக்கு மேல், மதிய வெயில் முகத்தில் அடிக்காத பக்கமாக வைத்துப் பார்க்கலாம். இருக்கிற மரத்தை விட்டுவைப்பதற்குச் செலவே இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும்.

10,000 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது 2019 கட்டட விதி. பெரும்பாலும் விலைபோகாத மூலையைத்தான் அதற்கு ஒதுக்குகிறார்கள். அந்தப் பங்கைப் பனைகள் நிற்கும் இடத்திலேயே ஒதுக்கச் சொல்லலாம். வரைபடத்தில் கிணறு, வாய்க்கால் காட்டுவதுபோல் பச்சைப் பனையையும் மொட்டைப் பனையையும் தனித்தனியே குறிக்கச் சொல்லி, நகர் ஊரமைப்பு அலுவலகம் ஒப்புதலுக்கு முன் களத்தில் சரிபார்க்க வேண்டும். விழுந்துவிடும் என்ற பயம் நியாயமானது. மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குச் சுற்றிலும் ஊஞ்சலோ பெஞ்சோ போடாமல் புல்லாக விட்டால் போதும். அந்தப் புல்தரையே பறவைக்கு இரை தேடும் இடமுமாகும். அடிமரம் மட்கிச் சாலைப் பக்கம் சாய்ந்த மரத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும். அதை ஜூலைக்குப் பிறகு, பொந்து காலி என்று பார்த்துவிட்டு எடுக்கலாம். காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே சொல்கிறது என்பது ஒப்பந்தக்காரர்கள் பலருக்குத் தெரியாது.

கண்மாய்க் கரைப் பனைகளும் இந்தக் கணக்கில் வர வேண்டும். கரையைப் பலப்படுத்தும் வேலைக்கான மதிப்பீட்டில் ‘பட்ட மரம் அகற்றுதல்’ என்று ஒரு வரி வழக்கமாக வந்துவிடுகிறது. அந்த வரியிலிருந்து பனையை மட்டுமாவது நீர்வளத் துறையும் ஊராட்சிகளும் இந்த ஆண்டே நீக்கட்டும்.

இப்படிக்கு,
பறவை ஆர்வலர்கள் சிலர்,
காரைக்குடி.