பூநாரைகள் கூட்டமாக எழும்பும் படத்துக்குப் பரிசு தருவதற்கு முன்

பறவைப் படப் போட்டிகளை நடத்தும் அமைப்புகளுக்கும், அவற்றில் நடுவர்களாக உட்காரும் மூத்த கலைஞர்களுக்கும் வணக்கம்.

நான் ஆரம்பாக்கத்துக்காரன். எங்கள் ஊரைத் தாண்டினால் ஆந்திரா, கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. பறவைப் படம் எடுப்பவன். உங்கள் போட்டி முடிவுகளை ஒவ்வொரு ஆண்டும் ஆவலோடு பார்ப்பவன். அந்த முடிவுகளில் ஒரு வகைப் படம் திரும்பத் திரும்ப இடம்பிடிக்கிறது. பெருங்கூட்டமாகப் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) ஒரே நொடியில் தண்ணீரை விட்டு எழும்பும் படம். விரித்த சிறகில் சிவப்பும் கறுப்பும், கீழே தெறிக்கும் நீர், பின்னால் காலை வெளிச்சம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகு எங்கள் ஏரியில் பல நேரம் எப்படி உண்டாக்கப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

மழை முடிந்து ஏரி வற்றத் தொடங்கும் தை, மாசி மாதங்களில் அண்ணாமலைச்சேரிப் பக்கமோ, ஆந்திர எல்லைக்குள் தடா பக்கமோ வந்து பாருங்கள். விடியும் முன்பே கார்கள் வந்து நிற்கும். தூரத்தை இழுத்துக் காட்டும், மூன்று கிலோ எடையுள்ள 600 எம்எம் லென்ஸ்கள் கையைவிட்டு இறங்காமல் படகேறும். கூட்டம் தூரத்தில் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரம் படம் எடுப்பார்கள். அப்புறம் "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்பார்கள். அதற்கும் அப்புறம் வருவதுதான் விஷயம்: "கிளப்பி விடுங்கண்ணே." படகுக்காரர் இன்ஜினை முறுக்கிக் கூட்டத்தை நோக்கி நேராக விடுவார். ஆழமில்லாத இடமென்றால் கழியால் படகின் விளிம்பைத் தட்டுவார். கூட்டம் மொத்தமாக எழும். கேமரா நொடிக்கு இருபது படம் எடுத்துத் தள்ளும். பறவைகள் தள்ளிப் போய் இறங்கினால் படகு அங்கேயும் போகும். அது திரும்பியதும் அடுத்த படகு.

பூநாரை லேசான பறவை அல்ல. நன்கு வளர்ந்தது இரண்டு முதல் நான்கு கிலோ வரை இருக்கும். நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்ப அதனால் முடியாது. தண்ணீரின் மேல் ஓடி, சிறகடித்து, வேகம் பிடித்துத்தான் மேலே போக வேண்டும். நீங்கள் ரசிக்கும் அந்த நீர்த்தெறிப்பு அது ஓடும் ஓட்டம். அதன் சாப்பாடோ பொடிப்பொடியானது. தலைகீழாகக் கவிழ்த்த அலகால் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி, பாசியையும் சிற்றுயிர்களையும் சலித்துத் தின்னும் பறவை அது. வயிறு நிறைய மணிக்கணக்கில் தலை கீழேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு விரட்டிலும் அந்த நேரமும் போகிறது, தின்று சேர்த்த பலமும் போகிறது. கூட்டத்தில் பழுப்பும் வெள்ளையுமாக நிற்பவை இளம் பறவைகள். உடலில் சிவப்பு ஏறச் சில ஆண்டுகள் ஆகும், அதுவும் தின்னும் தீனியிலிருந்துதான் ஏறுகிறது.

பூநாரை எழும்பினால் அது மட்டும் எழும்புவதில்லை. ஓரத்தில் மேயும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சேர்ந்து கிளம்பும். அவற்றில் பல, கோடை தொடங்கும்போது வடதுருவப் பக்கம்வரை பறந்துபோக வேண்டியவை. அந்தப் பயணத்துக்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்த்துக்கொள்கின்றன. பரிசுப் படத்தில் அவை யார் கண்ணிலும் படுவதில்லை, சட்டகத்துக்கு வெளியே போய்விடுகின்றன.

இதில் எனக்கு மனம் ஆறாத விஷயம், இந்த விரட்டல் தேவையே இல்லை என்பதுதான். நீண்ட லென்ஸ் எதற்கு இருக்கிறது? படத்தைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள முழுச் சட்டக கேமராவில் 600 எம்எம் லென்ஸைப் பொருத்தினால் நூறு மீட்டர் தூரத்தில் ஆறு மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் படத்துக்குள் வரும். ஒன்றேகால் மீட்டர் உயரமுள்ள பூநாரை அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு நிற்கும். சிறிய சென்சார் உள்ள கேமரா என்றால் பாதி உயரத்துக்கு நெருங்கிவிடும். பறவைக்குத் தொல்லை தராமல் தள்ளி நின்றே எடுக்கலாம் என்பதற்காகத்தானே அவ்வளவு விலை கொடுத்து, அவ்வளவு எடையைச் சுமக்கிறோம்? என்னிடம் இருப்பது 150 முதல் 600 எம்எம் வரை மாற்றிக்கொள்ளும் ஜூம் லென்ஸ். அதுவே போதுமானதாக இருக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, இதை எடுத்துப் பழகியவர்கள் அறிவார்கள். வெயில் ஏறியதும் தண்ணீருக்கு மேல் காற்று நெளியத் தொடங்கிவிடும். லென்ஸ் பறவையைப் பெரிதாக்குவதுபோல அந்தக் கானலையும் பெரிதாக்கும். எட்டு மணிக்கு மேல் தூரத்துப் படங்களில் இறகின் விளிம்பு கரைந்துபோயிருக்கும், எவ்வளவு விலையுள்ள லென்ஸாக இருந்தாலும். அப்போது இரண்டு வழிதான். லென்ஸை உறையில் போட்டுவிட்டு மறுநாள் விடியலில் வருவது ஒன்று. படகை நெருக்கி விடுவது இன்னொன்று. ஒரு நாள் விடுப்பில் வந்தவர் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறார். ஏனென்றால் கூட்டம் எழும்பும் படத்துக்குக் கூர்மை கொஞ்சம் குறைந்தாலும் பரிசு உண்டு என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்தது உங்கள் முடிவுகள்.

இதை ஏன் வனத்துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்று கேட்கலாம். சட்டம் இருக்கிறது. 1972-ம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவு, சரணாலயத்துக்குள் காட்டுயிரைச் சீண்டுவதையும் தொந்தரவு செய்வதையும் தடுக்கிறது. ஏரியின் தமிழகப் பகுதியும் ஆந்திரப் பகுதியும் பறவைகள் சரணாலயங்கள்தான். ஆனால் தண்ணீர் மேல் எல்லைக்கோடு கிடையாது. இந்தப் பக்கம் கிளம்பும் படகு அந்தப் பக்கம் விரட்டும், அங்கே கேட்டால் இங்கே திரும்பும். இரண்டு மாநிலக் காவலர்களும் இவ்வளவு பெரிய ஏரியில் ஒவ்வொரு படகின் பின்னாலும் போக முடியாது. படம் மட்டும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது, உங்கள் மேசைக்கு.

படகுக்காரர்களைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். ஏரியில் பாடு முறைப்படி ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு இடம் என்று வலை போடும் குடும்பங்கள் அவை. இறாலும் மடவையும் கிடைக்காத நாளில் ஒரு சவாரி என்றால் அது வீட்டுச் செலவு. "கிளப்ப மாட்டேன்னு சொன்னா அடுத்த படகுல ஏறிக்கிறாங்க தம்பி" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சொல்வது உண்மை. கேட்பவர் நின்றால்தான் இது நிற்கும்.

சரி, நடுவர் எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரளவுக்குப் படமே காட்டிக்கொடுக்கும். கழுத்துகள் எல்லாம் விறைத்து நிமிர்ந்து, பறவைகள் நெருக்கியடித்து ஒரே பக்கம் நடந்துகொண்டிருந்தால் அது பயந்த கூட்டம். ஆனாலும் ஒற்றைப் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. பூநாரைகள் காற்றை எதிர்த்து எழும்புபவை, அதனால் பறக்கும் திசை உங்களை ஏமாற்றலாம். மேலே ஒரு பருந்து வட்டமிட்டாலும் கூட்டம் கிளம்பும். காலையிலும் மாலையிலும் இடம் மாற அவை தாமாகவே வரிசை வரிசையாகப் பறக்கும். கரையில் உட்கார்ந்து அதற்காகக் காத்திருந்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்புக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவும்தான் எழுதுகிறேன்.

ஆகவே நான் கேட்பது, பரிசுக்குத் தேர்வாகும் படத்தோடு அதற்கு முந்தைய இரண்டு நிமிடங்களில் எடுத்த மூலக் கோப்புகள் (கேமரா பதிந்த, திருத்தாத படங்கள்) அனைத்தையும் வாங்கிப் பாருங்கள். ஒற்றை மூலக் கோப்பை இப்போதே பல போட்டிகள் கேட்கின்றன, இது அதன் அடுத்த படி. நொடிக்கு இருபது படம் எடுக்கும் காலத்தில் முந்தைய படங்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மேய்ந்துகொண்டிருந்த பறவை தலை தூக்குவதும், அடுத்தடுத்த படங்களில் அது சட்டகத்தில் பெரிதாகிக்கொண்டே வருவதும் அந்த வரிசையில் தெரிந்துவிடும். லென்ஸும் ஜூமும் மாறவில்லை, பறவை பெரிதாகிறது என்றால் நெருங்கியது படகு. படகிலிருந்தா கரையிலிருந்தா, இன்ஜின் ஓடியதா என்பதையும் எழுதி வாங்குங்கள். பொய் எழுதியவர் பின்னால் மாட்டினால் பரிசைத் திரும்பப் பெறுங்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. இந்தியாவிலேயே பல போட்டிகள் கூட்டில் இருக்கும் பறவையின் படத்தை ஏற்பதில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2009-ல் முதல் பரிசு வாங்கிய ஓநாய்ப் படம், பழக்கிய விலங்கை வைத்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்ததால் 2010 ஜனவரியில் தகுதி இழந்தது. அவ்வளவு பெரிய போட்டியே கொடுத்த பரிசைத் திரும்பப் பெறத் தயங்கவில்லை.

அடுத்த பருவத்துக்கான அறிவிப்புகளை நீங்கள் வெளியிடும்போது இந்த விதியைச் சேர்த்துவிடுங்கள். அக்டோபருக்கு முன்பே தெரிந்தால் நல்லது, முதல் கார்கள் அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கும். விதி வந்தால், அதைத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சடித்து இரண்டு பக்கப் படகுத்துறைகளிலும் ஒட்டுவதையும், படகுக்காரர்களிடம் எடுத்துச் சொல்வதையும் நான் பொறுப்பேற்றுச் செய்கிறேன்.

இப்படிக்கு,
ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு பறவைப் படக்காரன்