பவுடர் டப்பா வாங்குவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வயதானவர்களின் மறதிக்கு புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்களும் ஹார்மோன்களும் எப்படிக் காரணமாகின்றன என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். சேலம் அம்மாப்பேட்டையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். "இதுல சொன்ன புரதப் பவுடர் இருக்குங்களா, அம்மாவுக்கு ஞாபகமே நிக்க மாட்டேங்குது" என்கிறார்கள். டப்பாவை எடுத்துக் கொடுத்தால் எனக்கு லாபம்தான், ஆனால் கட்டுரை பாதியில் நின்றுவிட்டது.

டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து செரோடோனின், டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து டோபமின் என்று மூளையில் செய்தி கடத்தும் பொருட்கள் உருவாகின்றன, சரி. சாப்பிட்டதெல்லாம் மூளைக்குப் போய்ச் சேருமா என்றால், சேராது. மூளைக்குள் நுழைய டிரிப்டோஃபான், டைரோசின், லியூசின், வேலின் என்ற அமினோ அமிலங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல்தான், புரதத்தில் டிரிப்டோஃபான் மிகக் குறைவு என்பதால் புரதத்தை அள்ளிப் போட்டால் மற்றவை முண்டியடித்து அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். வேடிக்கை என்னவென்றால், மாவுச்சத்து சாப்பிட்டால் சுரக்கும் இன்சுலின் அந்த மற்ற அமிலங்களைத் தசைக்குள் அனுப்பிவிடுவதால் டிரிப்டோஃபானுக்கு வழி கிடைக்கிறது. அமெரிக்காவில் ஃபெர்ன்ஸ்ட்ராம், வர்ட்மேன் என்ற விஞ்ஞானிகள் எலிகளில் இதை 1971-லேயே காட்டிவிட்டார்கள்.

இது வெறும் ஏட்டு விஷயமில்லை. பார்கின்சன் என்ற நடுக்க நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலம்தான், குடலிலும் மூளை வாசலிலும் அது புரதத்தோடு போட்டி போட வேண்டும். புரதப் பவுடரைப் பாலில் கலக்கி அதோடேயே மாத்திரையையும் கொடுத்துவிட்டு, அப்புறம் நடுக்கம் குறையவில்லை என்று டோஸைக் கூட்டச் சொல்கிறார்கள். பொதுவாக இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடச் சொல்வார்கள். இன்னொன்று, நாட்டு மருந்துக் கடையில் நரம்புக்கு என்று வாங்கும் பூனைக்காலி விதைப் பொடியிலும் லெவோடோபா இருக்கிறது (1937-லேயே நம் நாட்டு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தது), ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் டாக்டரிடம் சொல்லாமல் அதைத் தொடக்கூடாது.

ஹார்மோன் என்று தலைப்பில் போட்டுவிட்டுத் தைராய்டைப் பற்றி ஒரு வரி எழுதாததுதான் எனக்குத் தாங்கவில்லை. தைராய்டு ஹார்மோனான தைராக்சினே டைரோசினும் அயோடினும் சேர்ந்து உருவாவது. அது குறைந்தால் மந்தம், மறதி, மலச்சிக்கல், எப்போதும் குளிர்கிறது என்ற புலம்பல் எல்லாம் வரும், வீட்டில் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். மாத்திரையில் சரியாகக்கூடிய மறதி இது. அந்த மாத்திரையையும் வெறும் தண்ணீரில் போடாமல் ஏற்காட்டுக் காப்பியோடு விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது, அரை மணி நேரமாவது காப்பி காத்திருக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் மறதியில் கொண்டுபோய் விடும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாத்திரை மூளையைக் காக்கும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் இருந்தது, 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் டிமென்ஷியா என்ற மறதி நோய் இரண்டு மடங்கானது என்று 2003-இல் முடிவு வந்தது.

அதற்காகப் புரதமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜவ்வரிசி தயாராகும் ஊர் இது, பல் போன பெரியவர்களுக்குக் காலையும் இரவும் ஜவ்வரிசிக் கஞ்சி, மரவள்ளிக் கிழங்கு, கேட்டால் எளிதில் செரிக்கும் என்பார்கள். நூறு கிராம் ஜவ்வரிசியில் ஒரு கிராம் புரதம்கூடத் தேறாது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும், 55 கிலோ பாட்டிக்குச் சுமார் 46 கிராம். குழைய வேகவைத்த பருப்பு, கொள்ளு மசியல், தயிர், முட்டை என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்: பவுடர் வாங்கும் முன் டி.எஸ்.எச். (தைராய்டு), பி12 பரிசோதனை, என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்ற பட்டியலோடு டாக்டரிடம் ஒரு நடை. கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது, படிக்க வேண்டியவர்களுக்குக் கண்ணாடி போட்டும் உங்கள் எழுத்து தெரிவதில்லை.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
அம்மாப்பேட்டை, சேலம்.