கொழும்புத்துறைக் கரையோரக் காணியை இயற்கைப் பூங்காவாக ஒதுக்கக் கோரும் மனு

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

கொழும்புத்துறை இறங்குதுறையை அண்டி, கடனீரேரிக் கரையில் வெறுமையாகக் கிடக்கும் அரச காணியை நிரப்பவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முன்னர், அதை இயற்கைப் பூங்காவாக ஒதுக்கித் தருமாறு இப்பகுதி மக்களாகிய நாங்கள் வேண்டிக்கொள்கிறோம்.

பூநகரிப் பக்கத்துக்கு வள்ளங்கள் போய்வந்த துறை இது. இன்று கரையில் இரவோடிரவாகக் கட்டடக் கழிவு கொட்டப்படுகிறது. உடைந்த ஓடும் சீமெந்துக் கட்டியும் குவிந்த அந்த மேட்டின் ஓரத்தில் கண்டல் தானாகவே முளைத்திருக்கிறது. நீர் வற்றிய நேரத்தில் வந்தால், பொலித்தீன் பையைத் துளைத்துக்கொண்டு மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்பதைத் தாங்கள் நேரிலேயே காணலாம். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்குவது அந்த வேர்களுக்குள்தான் என்பதைக் கடற்றொழிலாளருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கைவிடப்பட்ட துறையில் காடு வளருமா என்று கேட்பவர்களுக்கு இலண்டனின் ரொதர்ஹைத் பகுதியே பதில். தேம்ஸ் நதியின் தென்கரையில் இருந்த சரே துறைகள் போல்ற்றிக் நாடுகளிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த மரத்தை இறக்கிய இடம். 1940 செப்டெம்பர் 7ஆம் திகதி விழுந்த குண்டுகளில் அந்த மரக் குவியல்கள் பற்றியெரிந்தன. போரைத் தாண்டி எழுந்த துறையைக் கொள்கலன் கப்பல்கள் முடக்கின. 1970இல் அது மூடப்பட்டது. பெரும்பாலான துறைத் தடாகங்களை மண்ணிட்டு நிரப்பினார்கள். அப்படி நிரப்பிய, ‘ரஷ்யத் துறை’ என்று பெயர் கொண்ட தடாகத்தில் இன்று மரங்கள் அடர்ந்த காடு நிற்கிறது. கப்பல் அணைந்த கல்விளிம்பு இன்னும் மரங்களுக்கிடையே தெரிகிறது. பக்கத்தில், 1980களில் இடிபாடுகளைக் குவித்து எழுப்பிய ஸ்ரேவ் குன்றின் அடியில், ஒரு சூழலியல் பூங்காவும் இருக்கிறது.

ஆனால் அதே நகரில் நடந்த இன்னொன்றையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். கோபுரப் பாலத்துக்கு அருகே, லொறிகள் நிறுத்திய தரிசு நிலத்தில் 1977இல் வில்லியம் கேர்ட்டிஸ் சூழலியல் பூங்கா தொடங்கியது. குளம் வெட்டினார்கள், பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், வண்ணத்துப்பூச்சிகளும் வந்தன. நிலம் மட்டும் தற்காலிகமாகக் கிடைத்தது. 1985இல் உரிமையாளர் திருப்பிக் கேட்டார்; பூங்கா மூடப்பட்டது.

ஆகவே வாய்மொழி அனுமதியோ, வருடா வருடம் புதுப்பிக்கும் கடிதமோ எங்களுக்குப் போதாது. காணியை நில அளவைத் திணைக்களம் மூலம் அளந்து எல்லைக்கல் நாட்டி, சட்டப்படி ஒதுக்கி, வர்த்தமானியில் அறிவிக்க ஆவன செய்யுங்கள். அளக்கும்போது படகு கட்டும் இடமும் வலை காயவிடும் இடமும் தொழிலாளருக்கே விடப்பட வேண்டும். பூங்காவின் பெயரால் அவர்களை அப்புறப்படுத்துவதை நாங்கள் ஏற்கமாட்டோம். சீமெந்துக் கதிரை, வண்ண விளக்கு, நுழைவுக் கட்டணம் எதுவும் வேண்டாம். கழிவு கொட்டுவதை நிறுத்தி, கண்டலை அதன்பாட்டில் விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தங்கள் செயலகத்துக்குப் பக்கத்திலிருக்கும் பழைய பூங்கா, 19ஆம் நூற்றாண்டில் இதே பதவியை வகித்த பேர்சிவல் அக்லன்ட் டைக் உருவாக்கியது. அரசாங்க அதிபர் ஒருவரால் இது முடியும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

அடுத்த மாரிக்கு முன், வற்று நேரம் பார்த்து ஒரு நாள் தாங்கள் நேரில் வந்து பார்வையிடவும், அதுவரை இக்காணி தொடர்பான எந்த விண்ணப்பத்துக்கும் அனுமதி வழங்காதிருக்கவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கொழும்புத்துறைக் கரையோர மக்கள்

பிரதிகள்: மாநகர ஆணையாளர், யாழ்ப்பாணம், கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களம்.