கடைக் கிழங்கு விதைக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

விதை உருளைக்கிழங்கின் விலை ஏறும்போதெல்லாம் நுவரெலியா, வெலிமடைப் பக்கம் சமையலுக்கு விற்கும் கிழங்கை வாங்கி நடுகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். முளைக்காமலிருக்க அதற்கு மருந்து போட்டிருக்கலாம். வாடல் நோய்க் கிருமியும் உள்ளே இருக்கலாம். அது மண்ணில் இறங்கிவிட்டால் அந்தத் துண்டு நிலத்தில் பல போகத்துக்கு உருளைக்கிழங்கும் தேறாது, தக்காளியும் தேறாது. பழைய ஆட்கள் தங்கள் தோட்டத்திலேயே விதை எடுத்த முறை இதைவிட மலிவு.

நட்டு ஏழு வாரமளவில், செடி பூக்கும்போது, வரிசை வரிசையாகப் பார்த்து நல்ல செடிகளுக்குப் பக்கத்தில் குச்சி நட வேண்டும். இலை மேல்நோக்கிச் சுருண்டு விறைத்த செடி, மஞ்சள் திட்டு விழுந்த செடி இரண்டும் வேண்டாம். பகலில் வாடி மாலையில் நிமிரும் செடி இருந்தால் தண்டின் அடியை வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெள்ளையாக நூல் நூலாக இறங்கினால் வாடல்தான். அந்தக் காணியின் கிழங்கு ஒன்றுகூட விதைக்கு ஆகாது, கறிக்கு ஆகும்.

குச்சி நட்ட செடிகளை 85 நாளளவில் தரையோடு வெட்டிவிட்டு, தோல் தடிக்க இரண்டு கிழமை கிழங்கை மண்ணிலேயே விடுங்கள். தோண்டியதும் கோழி முட்டையளவு, சுமார் 40 கிராம் உள்ளதைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

பிழை அதிகம் நடப்பது வைப்பில்தான். சாக்கில் கட்டி இருட்டில் போட்டால் முளை வெள்ளையாக நீண்டு, நடும்போது ஒடிந்துபோகும். சட்டத் தட்டில் இரண்டு அடுக்குக்கு மேற்படாமல் பரப்பி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் கிழங்கு பச்சையாகி, இரண்டரை மூன்று மாதத்தில் குட்டையான தடித்த முளை வரும். பச்சையான கிழங்கைச் சமைக்கக் கூடாது, நச்சு. வெலிமடை, பண்டாரவளை போன்ற வறண்ட பக்கங்களில் அந்துப்பூச்சி முட்டையிடும். காய்ந்த கந்தபான (உண்ணிச்செடி) இலையை மேலே பரப்புங்கள்.

முழுக்கிழங்காகவே நடுவது நல்லது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு கிழங்குக்கும் கத்தியைக் கொதிநீரில் முக்குங்கள். சாம்பல் பூசுவது வெட்டுவாயைக் காயவைக்கும், அவ்வளவுதான், நோயைக் கொல்லாது. வரிசைக்கு 60, செடிக்கு 25 சென்ரிமீற்றர் இடைவெளி. பேர்ச்சுக்கு (சுமார் 25 சதுர மீற்றர்) ஆறேழு கிலோ விதை போகும்.

இதற்கும் எல்லை உண்டு. மூன்று நான்கு போகத்தில் வைரஸ் ஏறி விளைச்சல் இறங்கும். வைரஸைப் பரப்பும் செடிப்பேன் குறைந்த உயரமான இடங்களில் இது சற்றுத் தாமதிக்கும். எனவே வருடந்தோறும் கொஞ்சம் அத்தாட்சிப்படுத்தப்பட்ட விதை வாங்கி, தனிப் பாத்தியில் நட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மரக்கறிச் செய்கையாளர் ஒருவர்,
நானுஓயா.