களப்பணிச் செயலிகளுக்கு டெண்டர் எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

சர்வர் எத்தனை பேரைத் தாங்க வேண்டும், துறையின் முத்திரை எங்கே வர வேண்டும் என்றெல்லாம் டெண்டரில் பத்தி பத்தியாக எழுதுகிறீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில் செயலி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும் ஒற்றை வரியோடு நிறுத்திவிடுகிறீர்கள்.

மலைக் கிராமத்தில் ஒரு கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தைப் பதிந்து பொத்தானை அழுத்துகிறார். வட்டம் சுற்றுகிறது. மறுபடியும் அழுத்துகிறார். முதல் தடவையே தகவல் போய்ச் சேர்ந்து, சர்வரின் பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், இப்போது அதே பரிசோதனைக்கு இரண்டு பதிவுகள். படிவத்தைத் திறக்கும்போதே செல்பேசி அதற்கு ஒரு தனி அடையாள எண் கொடுத்திருந்தால் சர்வர் இரண்டாவதை ஒதுக்கியிருக்கும். வித்தை ஒன்றும் இல்லை.

சிக்கலும் புதிதல்ல. சென்னை ஐஐடியில் படித்த மகாதேவ் சத்யநாராயணன், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1987-இல் தொடங்கிய 'கோடா' கோப்பு அமைப்பு, இணைப்பு அறுந்தாலும் கையில் இருக்கும் நகலில் வேலையைத் தொடரவிட்டு, இணைப்பு வந்ததும் மாற்றங்களைச் சேர்த்தது. 1990-களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் 'பேயூ' என்ற தரவுச் சேமிப்பு அமைப்பு, இரண்டு பேரின் மாற்றங்கள் மோதினால் எப்படித் தீர்ப்பது என்ற விதியைச் செயலியே சொல்லட்டும் என்றது.

நாம் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரே தாயின் பதிவைச் செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையமும் திருத்தினால், பிந்தி வந்தது முந்தையதை அழித்துவிடுகிறது. எது பிந்தியது என்பதையும் செல்பேசிக் கடிகாரத்தைக் கேட்டே முடிவு செய்கிறார்கள். அது எந்த ஊர் நேரத்தைக் காட்டுகிறதோ! ரத்த அழுத்த அளவுகள் இரண்டுமே நிற்க வேண்டும். முகவரியில் புதியது போதும். இதையெல்லாம் என்னைப் போன்ற நிரலாளர்கள் ஊகித்து எழுதக் கூடாது. மருத்துவம் தெரிந்தவர்கள் எழுதித் தர வேண்டும். அதற்கு டெண்டரில் இடம் வையுங்கள்.

இன்னொன்று: 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் செல்பேசி பேட்டரியை மிச்சம்பிடிக்கப் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடுகிறது. ஆகவே இன்னும் அனுப்பப்படாத படிவங்கள் எத்தனை என்று திரையில் தெரிய வேண்டும்.

செயலியை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். செல்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு பத்துப் படிவங்களை நிரப்புங்கள். அணைத்து, மறுபடி இயக்கி, இணையத்தைக் கொடுங்கள். பாதியில் ஒருமுறை துண்டியுங்கள். கடைசியில் சர்வரில் சரியாகப் பத்துப் படிவங்கள் இல்லையென்றால் பில்லில் கையெழுத்திடாதீர்கள்.

இப்படிக்கு,
களப்பணிச் செயலிகள் எழுதும் ஒரு நிரலாளர்