பிரின்ஸ்டன் தளர்த்தியது இளங்கலைக்குத்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மேற்படிப்புப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமே கிரேக்கமும் லத்தீனும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது, இனி வரலாறு படித்த யாரும் ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பண்டைய கிரேக்க, ரோமானிய உலகத்தைப் பற்றி முனைவர் பட்டம் செய்யலாம் என்கிற தொனியில் எழுதியிருந்தார்கள். பாதிதான் சரி. கிரேக்கமோ லத்தீனோ கட்டாயம் படிக்க வேண்டும் என்ற விதியை 2021இல் பிரின்ஸ்டன் தளர்த்தியது இளங்கலை மாணவர்களுக்கு. முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அமெரிக்காவில் கிளாசிக்ஸ் எனப்படும் பண்டைய கிரேக்க, ரோமானியப் படிப்புக்கான துறைகளில் பெரும்பாலும், இரண்டு மொழியிலும் நல்ல பயிற்சி இருந்தால்தான் விண்ணப்பத்தையே பிரித்துப் பார்ப்பார்கள். நான் இங்கே அமெரிக்காவில் அந்தப் பாடத்தில் எம்.ஏ. முடித்துவிட்டுப் பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால்தான் எழுதத் தோன்றியது.

நல்ல பயிற்சி என்றால் சும்மா இல்லை. சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே மொழித் தேர்வு வரும். ஹோமர், சோஃபக்ளீஸ், துசிடிடீஸ், வெர்ஜில், டாசிடஸ் என்று பண்டைய கிரேக்க, லத்தீன் எழுத்தாளர்களை வைத்து நீளமாக ஒரு வாசிப்புப் பட்டியல் கொடுப்பார்கள், அதில் எங்கிருந்து வேண்டுமானாலும் ஒரு பத்தி வரும், அகராதி இல்லாமல் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். ஹோமரின் ஈலியட் காவியம் மட்டுமே 15,693 வரி (முழுவதும் கேட்காத புண்ணியவான்களும் உண்டு). துசிடிடீஸ் தன் வரலாற்று நூலில் எழுதிய சொற்பொழிவுகள் அதைவிடக் கஷ்டம். சில இடங்கள் இலக்கண விளக்கம் இல்லாமல் புரிவதில்லை என்று கிமு முதல் நூற்றாண்டிலேயே டயோனிசியஸ் என்ற இலக்கிய விமர்சகர் குறைப்பட்டிருக்கிறார், அவரே கிரேக்கர்! அப்புறம் ஜெர்மனும், பிரெஞ்சு அல்லது இத்தாலியனும் வாசிக்கத் தெரிய வேண்டும். வீம்புக்குக் கேட்பதில்லை. துறையின் பெரிய கலைக்களஞ்சியமான பௌலி-விஸோவா ஜெர்மனில்தான் இருக்கிறது. ஜெர்மன் வரலாற்றாசிரியர் மாம்சன் தொடங்கிய லத்தீன் கல்வெட்டுத் தொகுதியில் பதிப்பாசிரியர் குறிப்புகள்கூட லத்தீனில்தான். பழைய முசிறித் துறைமுகத்தோடு நடந்த வணிகக் கடனைப் பேசும், வியன்னாவில் இருக்கும் கிரேக்கப் பப்பைரஸ் ஆவணத்தை ஆராய ஆசைப்படும் நம் ஊர்ப் பிள்ளைகளும் கிரேக்கம் படித்துத்தான் ஆக வேண்டும்.

என் வருத்தம் வேறு. லத்தீன் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் இங்கே எல்லா ஊரிலும் இல்லை, வசதியான தனியார் பள்ளிகளில்தான் அதிகம் பார்க்கலாம். மற்றவர்களும் வரட்டும் என்று இளங்கலையில் மொழிக் கட்டாயத்தை விலக்கியது நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி வந்தவர் மேலே படிக்க ஆசைப்பட்டால்? இளங்கலைப் பட்டத்துக்குப் பிறகு மொழிக்கென்றே ஓரிரு வருடம் தனியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கான படிப்பைப் பென்சில்வேனியா, யுசிஎல்ஏ போன்ற பல்கலைக்கழகங்கள் நடத்தி வந்திருக்கின்றன, ஆனால் கட்டணம் பெரும்பாலும் கைக்காசு. முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு, அங்கே போய்ச் சேருவதற்கான படிக்குத்தான் பணம் இல்லை. வாசலைத் திறந்துவிட்டு நடையைப் பூட்டியது போல இருக்கிறது. என்னோடு படித்த தோழி ஒருத்தி ரோமானிய அடிமைமுறை பற்றி அருமையாக எழுதுவாள், பேராசிரியர்களே அவள் கட்டுரையை வாங்கிப் படிப்பார்கள். கிரேக்கத்தைத் தாமதமாகத் தொடங்கினாள் என்பதற்காக விண்ணப்பித்த இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். இப்போது காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள்.

வேலை நிலவரத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதே 2021இல் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம் தன் கிளாசிக்ஸ் துறையையே கலைத்தது. பட்டம் வாங்கியவர்களில் பலர் என்னைப் போலப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்த முறை இந்தப் படிப்பைப் பற்றி எழுதினால் இரண்டு விஷயம் சேர்த்துப் போடுங்கள். ஆசை இருப்பவர்கள் கல்லூரியில் இருக்கும்போதே லத்தீனைத் தொடங்கிவிட வேண்டும், கிரேக்கத்தையும் தள்ளிப்போடக் கூடாது. ஜார்ஜியா பல்கலைக்கழகம் மாதிரி சில இடங்களில் எம்.ஏ. மாணவர்களுக்கே கற்பிக்கும் வேலையோடு உதவித்தொகையும் கிடைக்க வாய்ப்பு உண்டு, விண்ணப்பிக்கும் முன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ஒரு லத்தீன் ஆசிரியர்,
நியூ ஜெர்சி